பாலாநகருக்குப் பூங்கா கேட்பது யார்?

ஹைதராபாதின் வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பழைய தொழிற்பேட்டை நிலங்களைக் குடியிருப்பு, அலுவலகம், வணிக வளாகம் எனப் பல வகைப் பயன்பாட்டுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கொள்கை ஒன்றைத் தெலங்கானா அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. அதில் அடங்கும் நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 9,300 ஏக்கர். அந்தப் பட்டியலில் பாலாநகரும் இருக்கிறது.

பதிவுத் துறை மதிப்பில் 30 முதல் 50 சதவீதம் வரை கட்டணம் செலுத்தினால் ஆலை உரிமையாளர் தமது நிலத்தின் பயன்பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இது அடிமாட்டு விலை, பல லட்சம் கோடி ரூபாய் ஊழல் என்று எதிர்க்கட்சியான பாரத ராஷ்டிர சமிதி குற்றம் சாட்டியது. மாசு உண்டாக்கும் ஆலைகளை நகருக்கு வெளியே கொண்டுசெல்வதே நோக்கம் என்று காங்கிரஸ் அரசு விடையளித்தது. பொதுநல வழக்குகளும் தொடரப்பட்டன. கட்டணம் 30 சதவீதமா, 100 சதவீதமா என்பதிலேயே விவாதம் சுழன்றது. இந்த நிலத்தில் எத்தனை ஏக்கர் பூங்காவாகும், அதை யார் முடிவு செய்வார் என்ற கேள்வி உரக்க எழவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியது அந்நகரின் மாமன்றம். மாமன்றத்தை யாரும் கேட்கவில்லை என்பதைவிட, தன்னைக் கேட்க வேண்டும் என்று மாமன்றம் வற்புறுத்தவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

பாலாநகர் என்றால் தமிழக வாசகருக்கு அம்பத்தூரை நினைவூட்டலாம். மத்திய அரசின் ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலை, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் மின்னணுக் கருவிப் பிரிவு, 1968-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம், விண்வெளித் துறைக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் ஆலை, இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள் என்று வளர்ந்த பகுதி அது. இன்று உலகுக்கு மருந்து விற்கும் ஹைதராபாதின் மருந்துத் தொழில் அந்த ஐ.டி.பி.எல். வாசலில்தான் பிறந்தது, டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி அங்கு வேலை பார்த்தவர். பட்டறைகளுக்கு இடையே தொழிலாளர் குடியிருப்புகள் நெருக்கியடித்து எழுந்தன. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. 2021 ஜூலையில் நர்சாப்பூர் சந்திப்பின் மீது ஆறு வழி மேம்பாலம் வந்தது. அதன் கட்டுமானத்தில் உழைத்த பெண் தொழிலாளி ஒருவரைக் கொண்டே அதைத் திறந்து வைத்தார்கள், பாராட்டத்தக்க செயல். ஆனால், அந்தப் பாலத்தைக் கட்டியது மாநகராட்சி அன்று. முதல்வரைத் தலைவராகக் கொண்ட பெருநகர வளர்ச்சி ஆணையம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆலை நிலம் கைமாறுவது ஒரே ஒரு முறை நடக்கும் காரியம். அடுக்குமாடி எழுந்த பிறகு யாராலும் அங்கே பூங்கா அமைக்க இயலாது. கட்டட விதிகளின்படி வளாகத்துக்குள் குழந்தைகள் விளையாட ஒரு மூலை விடுவார்கள் என்பது உண்மைதான். அது காவலாளி நிற்கும் கதவுக்கு உள்ளே இருக்கும். பட்டறைத் தொழிலாளியின் மகன் அங்கே பந்து விளையாட முடியாது.

மும்பையில் நடந்தது நினைவிருக்க வேண்டும். தத்தா சாமந்த் தலைமையில் 1982-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் நலிந்த பஞ்சாலைகளின் நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991-இல் வகுக்கப்பட்ட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்ப விரும்புவோர் மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சிக்குத் திறந்தவெளியாகவும், மூன்றில் ஒரு பங்கை வீட்டுவசதி வாரியத்துக்கும் தர வேண்டும் என்றது. நல்ல விதி. அதனாலேயே பலருக்கு அது உறுத்தியது. 2001-இல் மாநில அரசு அதைத் திருத்தியது. பங்கு பிரிக்க வேண்டியது முழு நிலத்தையும் அன்று, ஆலைக் கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டுமே என்று திருத்தம் சொன்னது. ஆலைகளில் காலியிடம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? மாநகராட்சிக்கு வரவேண்டிய பங்கின் பெரும் பகுதி அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோயிற்று. 2005-இல் மும்பை உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது. இன்று பரேலிலும் லோயர் பரேலிலும் ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன.

மும்பையில் விதியாவது இருந்தது. இருந்ததால் வழக்குப் போட முடிந்தது. பாலாநகருக்கு அப்படியொரு பங்கு வேண்டும் என்று ஆணை வெளிவரும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கேட்கும் உரிமை மாமன்றத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று வினவலாம். அரசியல் சட்டத்திலிருந்தே வருகிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகர அமைப்புகளுக்கு உரிய 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அமைப்பது அவற்றில் பன்னிரண்டாவது. 1989-இல் ராஜீவ் காந்தி கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. அதைப் புதுப்பித்து நிறைவேற்றியது பி.வி. நரசிம்ம ராவ் அரசு. தெலங்கானா மண்ணின் மைந்தர் பிரதமராக இருந்தபோது வந்த திருத்தம் அது. அவருக்குப் பாரத ரத்னா கிடைத்ததைக் கொண்டாடிய ஹைதராபாத், அவர் கொண்டுவந்த திருத்தத்தை எடுத்துப் படித்ததற்கு அடையாளம் தென்படவில்லை.

ஏனெனில், அந்நகரின் பூங்காக்கள் யாருடையவை என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. இந்திரா பூங்கா மாநகராட்சியினுடையது. ஹுசேன் சாகர் கரையிலுள்ள சஞ்சீவையா பூங்காவும் லும்பினி பூங்காவும் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு. 1998-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காசு பிரம்மானந்த ரெட்டி பூங்கா வனத் துறையிடம். சட்டப்பேரவைக் கட்டடத்தை ஒட்டிய பொதுத் தோட்டம் தோட்டக்கலைத் துறையிடம். மனைப் பிரிவுகளில் ஒதுக்கப்படும் 10 சதவீதத் திறந்தவெளி, தானப் பத்திரத்தின்படி மாநகராட்சியினுடையது. நடைமுறையில் குடியிருப்போர் சங்கத்தின் பூட்டுக்குள். சில இடங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் மதிலுக்குள்!

அந்த 10 சதவீதத்துக்கும் மாநில அரசு விலை வைத்துவிட்டது. 2020-இல் அறிவிக்கப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தின் கீழ், திறந்தவெளி விடாத மனைப் பிரிவில் மனை வாங்கியவர் மனை மதிப்பில் 14 சதவீதம் கட்டினால் போதும். பூங்கா இல்லாத குறை பணத்தால் தீர்ந்துவிடும் என்று பொருள். அந்தப் பணத்தைக் கொண்டு அதே பகுதியில் நிலம் வாங்கிப் பூங்கா அமைத்தால் நியாயம். அதை உறுதிசெய்யும் கணக்கு ஒவ்வொரு வார்டுக்கும் மாமன்றத்தின் மேஜைக்கு வரவேண்டும்.

2024 ஜூலையில் இதற்கெல்லாம் தீர்வாக 'ஹைட்ரா' என்ற அமைப்பை ரேவந்த் ரெட்டி அரசு உண்டாக்கியது. ஏரி, பூங்கா, பொது நிலம் ஆகியவற்றை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பது அதன் வேலை. நடிகர் நாகார்ஜுனாவின் மண்டபத்தை இடித்த நாளிலிருந்து நாடே அதைப் பேசியது. பல காலனிகளில் பூங்கா நிலம் மீட்கப்பட்டதும் மக்கள் இனிப்பு வழங்கியதும் உண்மை; குறை சொல்வதற்கில்லை. அதே நேரம் ஏழைகளின் வீடுகளும் இடிபட்டன. உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. இங்கே சுட்ட விரும்புவது வேறு. பூங்காவைக் காப்பது மாமன்றத்தின் பணி என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதைச் செய்ய மாநில அரசு ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் தலைமையில் தனி அமைப்பு தொடங்குகிறது. அந்த அதிகாரி மாமன்றத்துக்கு வந்து கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக 2024 அக்டோபரில் மாநகராட்சிச் சட்டமே அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது. தன் அதிகாரத்தை வேறொருவருக்கு எடுத்துத் தரும் சட்டத்தைப் பற்றி மாமன்றம் என்ன நினைத்தது?

முந்தைய ஆட்சியும் இதில் வேறுபட்டதில்லை. 2020 அக்டோபரில் மாநகராட்சித் தேர்தலுக்குச் சற்று முன் சந்திரசேகர ராவ் அரசு சட்டத்தைத் திருத்தி, மாநகராட்சியின் நிதியில் 10 சதவீதத்தைப் பசுமைப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. வார்டுதோறும் இளைஞர், மகளிர், மூத்த குடிமக்கள், முக்கியப் பிரமுகர்கள் என நான்கு குழுக்கள் அமைக்கவும் வழிசெய்தது. நோக்கம் நல்லதே. ஆனாலும் மாமன்றம் எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதைச் சட்டப்பேரவை தீர்மானித்தது. சட்டப்பேரவை எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மாமன்றம் ஒருநாளும் சொன்னதில்லை.

2025-26 நிதியாண்டுக்கு ஹைதராபாத் மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் 8,440 கோடி ரூபாய். சட்டப்படி அதில் பத்தில் ஒரு பங்கு 844 கோடி ரூபாய். அத்தொகை எந்த வார்டுக்கு எவ்வளவு என்று உறுப்பினர்கள் மல்லுக்கட்டியிருந்தால் மகிழ்ச்சியடைந்திருக்கலாம். 2025 ஜனவரி இறுதியில் நடந்த கூட்டத்தில் உண்மையிலேயே மல்லுக்கட்டு நடந்தது. காகிதங்கள் கிழிபட்டன, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர், நிதிநிலை அறிக்கை விவாதமின்றி நிறைவேறியது. பாலாநகரின் பங்கு பற்றிப் பேசச் சந்தர்ப்பமே அங்கு வாய்க்கவில்லை.

அமெரிக்க நகரங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலச் சட்டப்பேரவை கூடுவதற்கு முன் நகர மன்றம் தனது சட்டக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தித் தீர்மானமாக நிறைவேற்றும். இன்ன சட்டத்தில் இன்ன திருத்தம் வேண்டும், இன்ன மசோதாவை எதிர்க்கிறோம் என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியல் அப்பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போகும். ஆண்டு முடிவில் யார் எதற்கு வாக்களித்தார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் நாட்டுக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் நம் சட்டத்தில் இதைவிடக் கூடுதலான வசதி இருக்கிறது. ஹைதராபாத் மாமன்றத்தில் நகரைச் சார்ந்த மக்களவை, மாநிலங்களவை, சட்டப்பேரவை, மேலவை உறுப்பினர்கள் பதவி வழி உறுப்பினர்களாக அமர்கிறார்கள். கோரிக்கைப் பட்டியலை அஞ்சலில்கூட அனுப்பத் தேவையில்லை. பக்கத்து இருக்கையில் வைத்துக் கையில் கொடுக்கலாம்.

இவர்கள் எப்போது மாமன்றத்துக்கு வருகிறார்கள் என்பது நாடறிந்தது. மேயர் தேர்தல் அன்று வருவார்கள். 2020 டிசம்பர் தேர்தலில் 150 வார்டுகளில் தெலங்கானா ராஷ்டிர சமிதி 56, பாரதிய ஜனதா 48, மஜ்லிஸ் கட்சி 44, காங்கிரஸ் 2 இடங்களைப் பெற்றன. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 2021 பிப்ரவரியில் மேயர் தேர்வு நடந்தபோது எந்தக் கட்சிக்கு எத்தனை பதவி வழி வாக்கு என்பதே பேச்சாக இருந்தது. தேர்வு முடிந்தது, மேயராக விஜயலட்சுமி அமர்ந்தார், பதவி வழி உறுப்பினர்களில் பலருக்கு மாமன்றத்தின் வழி மறந்துபோயிற்று.

நாடாளுமன்றத்தில் பூஜ்ய நேரத்தைத் தினந்தோறும் கவனிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். நகரத் தொகுதி உறுப்பினர்கள் மேம்பாலம் கேட்பார்கள், ரயில் நிறுத்தம் கேட்பார்கள், மெட்ரோ நீட்டிப்புக் கேட்பார்கள். எங்கள் மாநகராட்சி இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியுள்ளது, அதன்படி கோருகிறேன் என்று எழுந்து பேசுபவரைக் காண்பது அரிது. பாலாநகர் அடங்கிய மல்காஜ்கிரி தொகுதியை 2019 முதல் 2023 வரை மக்களவையில் பிரதிநிதித்துவம் செய்தவர் ரேவந்த் ரெட்டி. அவரே முதல்வராகி, நகராட்சி நிர்வாகத் துறையையும் தம்மிடம் வைத்துக்கொண்டார். தொழிற்பேட்டை நிலக் கொள்கையும் அவருடைய ஆட்சியில்தான் வந்தது. பாலாநகர் மாமன்ற உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொடுக்கும் கோரிக்கையின் பொருள் அவருக்கு விளங்காமல் போகாது. எழுதிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

எழுதித் தர வேண்டியவற்றைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆலை நிலம் பயன்பாடு மாறும்போது பொதுத் திறந்தவெளியாக இத்தனை பங்கு, வளாகத்துக்கு வெளியே, சாலையை ஒட்டி, மாநகராட்சி பெயரில் பத்திரப் பதிவு செய்து தரப்பட வேண்டும் என்பது முதலாவது. தமிழகத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி நிர்வாகம் தன் எல்லையிலுள்ள பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், வேறு பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்பது அதன் சாரம். சென்னையில் அந்தச் சட்டத்தை எப்படிக் காப்பாற்றினோம் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இருப்பினும் வழக்குத் தொடுக்க ஒரு பிடி கிடைத்தது. அத்தகைய பட்டியலை ஹைதராபாத் மாநகராட்சிச் சட்டத்துக்குள்ளேயே ஓர் அத்தியாயமாகச் சேர்க்கும்படி மாமன்றம் கேட்கலாம்.

பூங்கா கிடைத்த பின் அதை யாருக்கு, எந்த நேரத்தில், என்ன கட்டணத்தில் திறந்துவிடுவது என்பது அடுத்த சிக்கல். இதில் மாமன்றத்தின் மௌனம் இன்னும் விபரீதமானது.

இந்திரா பூங்காவின் எதிரே உள்ள 'தர்ணா சவுக்' பல்லாண்டுகளாக ஹைதராபாதின் போராட்டக் களம். 2017-இல் சந்திரசேகர ராவ் அரசு அங்கே போராட்டங்களை நிறுத்தி, நகரின் புறத்தே இடங்களைக் காட்டியது. பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வருவோரும் சுற்றுவட்டாரக் குடியிருப்போரும் தொல்லைப்படுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டு மே மாதம் இரு தரப்பும் அங்கேயே மோதிக்கொண்டன. 2018-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2021 நவம்பர் 18 அன்று மத்திய அரசு நெல் கொள்முதல் செய்யவில்லை என்று கண்டித்துத் தர்ணா நடத்த முதல்வர் சந்திரசேகர ராவே வந்து அமர்ந்த இடம் எது தெரியுமா? அதே தர்ணா சவுக்தான்! அன்று நடைப்பயிற்சி செய்வோருக்குத் தொல்லை ஏற்பட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை.

இதில் நடைப்பயிற்சிக்காரரின் புகாரும் பொய்யன்று. போராடுபவரின் உரிமையும் பொய்யன்று. இரண்டையும் எடைபோட்டு, இன்ன நாள், இன்ன நேரம், இத்தனை பேர், இவ்வளவு ஒலி என்று விதி வகுக்க வேண்டிய மன்றம் ஒன்று நகரில் இருந்தது. அது வாய் திறக்கவில்லை. காவல் துறை முடிவு செய்தது, அமைச்சர்கள் முடிவு செய்தார்கள், நீதிமன்றம் முடிவு செய்தது.

தில்லியின் அனுபவமும் இதுவே. படகு மன்றத் திடலில் 1988-இல் திகாயத்தின் விவசாயிகள் வந்து தங்கிய பிறகு அரசுக்கு அச்சம் பிறந்தது. 1993 முதல் போராட்டம் ஜந்தர் மந்தருக்கு ஒதுங்கியது. 2017 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கும் கூடாது என்றது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை செல்லாது, நெறிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது. ராம்லீலா மைதானம் மாநகராட்சிக்குச் சொந்தம். அங்கு கூடக் காவல் துறையின் அனுமதியும் வேண்டும். 2011 ஜூன் 4 நள்ளிரவில், யோகா முகாமுக்கு அனுமதி வாங்கி உண்ணாவிரதம் நடத்துகிறார் என்று கூறிப் பாபா ராம்தேவின் கூட்டத்தைக் காவல் துறை கலைத்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது தடியடி. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பையும் கண்டித்தது. இந்த நீண்ட கதையில் மைதானத்தின் உரிமையாளரான மாநகராட்சிக்கு என்ன கருத்து என்று எவரும் பதிவு செய்யவில்லை. 2018 டிசம்பரில் நொய்டாவின் 58-ஆவது செக்டார் பூங்காவில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அனுமதி இல்லை என்று அங்குள்ள நிறுவனங்களுக்குக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் போனது. யோகாவுக்கும் ஷாகாவுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் இதே விதி உண்டா என்ற கேள்வி உடனே எழுந்தது. எழுதப்பட்ட பொது விதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு மறுப்பும் பாரபட்சமாகவே தெரியும். பல நேரங்களில் அது பாரபட்சமாகவே இருக்கவும் செய்யும்.

சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் விதி ஒன்று 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு அனுமதி தேவை. விண்ணப்பித்தால் 14 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 14 நாள் நீட்டிக்கலாம். மறுப்பதற்குரிய காரணங்கள் பதின்மூன்று, அவை விதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வெளியே காரணம் கூற முடியாது. மறுத்தால் எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடு உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கூட்டம் நடத்த விரும்பியவர்கள், அவர்கள் தோற்றார்கள். விதி நிலைத்தது, ஏனெனில் அது பேச்சின் பொருளைப் பார்க்கவில்லை. இடத்தையும் நேரத்தையும் கூட்டத்தையும் மட்டுமே பார்த்தது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் இத்தகைய விதியைத் தீர்மானமாக நிறைவேற்ற ஹைதராபாத் மாமன்றத்துக்குத் தில்லியின் ஒப்புதல் வேண்டாம். போனாலு, வினாயகர் சதுர்த்தி, பதுக்கம்மா, ரம்ஜான், திரைப்படப் படப்பிடிப்பு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், ஒரே கட்டணப் பட்டியல், பூங்கா வாயிலில் ஒரு பலகை. ஒன்றை மட்டும் நீதிமன்றம் முன்பே தீர்த்துவைத்திருக்கிறது: பொதுப் பூங்காவில் அனுமதியின்றி எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் எழுப்பக்கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது.

மாமன்றத்திடம் இந்த அதிகாரத்தைத் தந்தால் உறுப்பினர்கள் பூங்காவை விற்றுவிடுவார்கள் என்று கூறுவோர் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை; எத்தனையோ பூங்கா மூலைகளில் எழுந்துள்ள கட்டடங்களின் பின்னே வார்டு உறுப்பினரின் உறவினர் இருப்பதை எல்லா நகரத்தாரும் அறிவர். ஆனால், மேலே இருப்பவர்கள் மட்டும் பூங்காவைக் காத்தார்களா? பெங்களூரின் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் 1976-இல் தனியார் மருத்துவமனைக்குத் திருப்பிவிடப்பட்டது முதல்வரின் உத்தரவால். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அப்பகுதிக் குடியிருப்பாளர்கள். வழக்கில் வென்றது முக்கியம். அதனினும் முக்கியம், பூங்கா இழப்பால் அங்கு வசிக்கும் எவரும் பாதிக்கப்பட்டவரே, வழக்குத் தொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

மாமன்றத்தில் எடுக்கும் தவறான முடிவைத் திருத்துவது எளிது என்பதற்குச் சென்னையே சான்று. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி, ஒன்பது செயற்கைப் புல்வெளிக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆட்டக்காரர் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. வடசென்னையில் பந்து உதைக்கும் பிள்ளைகளிடம் 120 ரூபாய்! மன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். மறுநாள் செய்தி பரவியது. எதிர்ப்பு வலுத்ததும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அதே முடிவை ஓர் ஆணையத்தின் உறுப்பினர் செயலர் கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், ஒப்பந்தம் முடிந்து வாயிலில் கட்டணப் பலகை தொங்கிய பிறகே நமக்குத் தெரிந்திருக்கும்.

ஹைதராபாதுக்குக் காலமும் சாதகமாக இல்லை. 2007 ஏப்ரலில் குகட்பள்ளி உள்ளிட்ட 12 நகராட்சிகளை இணைத்துப் பெருநகர மாநகராட்சி உருவானபோது பாலாநகரும் அதற்குள் வந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2009 நவம்பரில்! 2014 டிசம்பரில் முடிந்த மன்றத்துக்குப் பின் 2016 பிப்ரவரி வரை தனி அலுவலர் ஆட்சி. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டமும் சொல்கிறது, 2006-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2025 டிசம்பரில் அவசரச் சட்டத்தின் வழியே மேலும் 27 நகராட்சிகள் சேர்க்கப்பட்டு, வார்டுகள் 150-இலிருந்து 300 ஆக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் அமர்ந்த மன்றத்தின் ஆயுள் 2026 பிப்ரவரி வரைதான். தில்லியிலும் 2022-இல் மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சமயம், தேர்தல் மாதக்கணக்கில் தள்ளிப்போனதைப் பார்த்தோம். எல்லைக் கோடுகளை வரைந்துகொண்டிருக்கும்போது நிலத்தின் மீது உத்தரவுகள் பிறப்பது தற்செயல் என்று நம்புவது கடினம்.

எனவே எந்தப் பெயரில், எந்த எல்லையோடு அடுத்த மாமன்றம் அமர்ந்தாலும், பாலாநகரிலிருந்து வாக்குக் கேட்டு வருபவரிடம் அங்குள்ளவர்கள் கேட்க வேண்டியது குழாய், சாக்கடை, தெருவிளக்கு மட்டுமல்ல. ஆலை நிலம் பயன்பாடு மாறும் விண்ணப்பங்கள் எத்தனை வந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பொதுவுக்கு எவ்வளவு நிலம், அதற்கான தீர்மானத்தை முதல் கூட்டத்திலேயே கொண்டுவருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தின் ஒரு படியை மல்காஜ்கிரி மக்களவை உறுப்பினருக்கும் அனுப்பிவைத்தால், பூஜ்ய நேரத்தில் அது எழுப்பப்படுகிறதா என்பதை இங்கிருந்து பார்த்துச் சொல்கிறோம்.